ஒரு ஸ்கிரிப்ட், பல இயங்குதளங்கள்

(பெரியகுளத்தில் ஆற்றிய சொற்பொழிவின் அச்சு வடிவம்)



மேகக் கணினிகளில் மென்பொருளை நிறுவ ஸ்கிரிப்ட் எழுதும்போது, இயங்குதள வேறுபாடுகளை எப்படிச் சமாளிப்பது? இதுதான் இன்றைய பேச்சு. அழைப்பிதழைப் பார்த்துவிட்டு, "இதெல்லாம் பெங்களூரில் பேச வேண்டிய பேச்சாயிற்றே, பெரியகுளத்தில் எதற்கு?" என்று சிலர் நினைத்திருப்பீர்கள். நான் திருப்பிக் கேட்கிறேன். பெங்களூரில் அந்த வேலையைச் செய்கிறவர்கள் யார்? தேவதானப்பட்டிப் பிள்ளைகள் இல்லையா? வடுகபட்டிப் பிள்ளைகள் இல்லையா? போடியில் பொறியியல் படித்துவிட்டுப் பேருந்து ஏறியவர்கள் இல்லையா? மதுரை இலந்தைக்குளத்திலும் வடபழஞ்சியிலும் எல்காட் வளாகங்கள் இருக்கின்றன. அங்கே வேலைக்குச் சேர்ந்த புதிதில் நம் பிள்ளைகள் கையில் வந்து சேரும் வேலைகளில் ஒன்று இது: "இந்த சர்வர்களில் எல்லாம் இந்த மென்பொருளை ஏற்றிவிடு." ஒற்றை வரி உத்தரவு. அந்த ஒற்றை வரிக்குப் பின்னால் இருக்கும் பள்ளங்களைப் பற்றித்தான் பேச வந்திருக்கிறேன்.

கணினித் துறைக்கு வெளியே இருப்பவர்களுக்காக ஒரு வார்த்தை. மேகக் கணினி என்றால் வானத்தில் இருப்பதில்லை. மும்பையிலோ ஹைதராபாத்திலோ ஒரு தரவு மையக் கட்டடத்துக்குள் ஓடிக்கொண்டிருக்கும் கணினியில் ஒரு பங்கை, மணிக்கு இவ்வளவு என்று வாடகைக்கு எடுக்கிறோம். அதற்குத் திரை கிடையாது, விசைப்பலகை கிடையாது. இங்கிருந்தே கட்டளை அனுப்பி வேலை வாங்க வேண்டும். ஒரு கணினி என்றால் கையால் தட்டச்சு செய்யலாம். ஐம்பது என்றால்? கட்டளைகளை எல்லாம் வரிசையாக ஒரு கோப்பில் எழுதி, அந்தக் கோப்பையே ஓடச் செய்கிறோம். அந்தக் கோப்புக்குப் பெயர் ஸ்கிரிப்ட்.

சரி, எழுதியாயிற்று. உங்கள் கணினியில் ஓடுகிறது. பக்கத்து மேசைக்காரர் கணினியில் ஏன் ஓடவில்லை?

மாம்பழத்துக்குப் பெயர் போன ஊரில் நின்று பேசுகிறேன். உங்கள் பழத்தையே எடுத்துக்கொள்கிறேன். நீங்கள் கல்லாமை என்கிறீர்கள். இன்னொரு ஊரில் அதே பழம் கிளிமூக்கு. கிருஷ்ணகிரிப் பக்கம் போனால் பெங்களூரா. வடக்கே தோத்தாபுரி. கிருஷ்ணகிரி மண்டிக்குக் "கல்லாமை ஒரு லோடு" என்று சீட்டு எழுதி அனுப்பினால், மலைபோலக் குவிந்திருக்கும் பழத்தின் நடுவே உட்கார்ந்துகொண்டு, "அப்படி ஒன்று எங்களிடம் இல்லை" என்று சொல்லிவிடுவார்கள். சர்வர்களில் ஓடும் லினக்ஸ் இயங்குதளக் குடும்பங்களுக்கு நடுவிலும் இதே கதை. இணையப் பக்கங்களை வழங்கும் அப்பாச்சி என்ற மென்பொருள், டெபியனிலும் உபுண்டுவிலும் 'அப்பாச்சி2' என்ற பெயரில் இருக்கிறது. ரெட் ஹேட் குடும்பத்தில் அதன் பெயர் 'எச்டிடிபிடி'. நிரலாளர்களுக்கான நூலகக் கோப்புகளின் பெயர் ஒரு பக்கம் 'டெவ்' என்று முடியும், மறுபக்கம் 'டெவல்' என்று முடியும். நிறுவித் தரும் ஆளும் வேறு. டெபியன் வீட்டில் 'ஆப்ட்', சூசே வீட்டில் 'ஜிப்பர்', ரெட் ஹேட் வீட்டில் நெடுங்காலம் 'யம்', இப்போது 'டிஎன்எஃப்'. யம் என்றதும் பயப்பட வேண்டாம். எமனுக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை, சில இரவுகளில் அப்படித் தோன்றினாலும்.

பெயர் மாற்றம் மட்டும்தான் சிக்கல் என்றால் நான் இவ்வளவு தூரம் வந்திருக்க வேண்டியதில்லை. இதற்கு அது, அதற்கு இது என்று ஒரு பட்டியல் எழுதிக் கொடுத்திருப்பேன். சிக்கல் அதற்கும் கீழே இருக்கிறது. அதற்குப் போவதற்கு முன்னால், நம் தமிழ்நாட்டுப் பிள்ளைகள் கையில் தவழ்ந்த ஒரு பொருளை நினைவுபடுத்துகிறேன்.

2011 செப்டம்பரில் விலையில்லா மடிக்கணினித் திட்டம் தொடங்கியது. அந்த மடிக்கணினிகளைத் திறந்தால் இரண்டு இயங்குதளங்கள் இருந்தன. ஒன்று விண்டோஸ். இன்னொன்று பாஸ் லினக்ஸ். இந்த பாஸ் வெளிநாட்டிலிருந்து வந்ததல்ல. சென்னை சி-டாக் நிறுவனம், டெபியனை அடித்தளமாக வைத்து உருவாக்கியது. 2007-இல் முதன்முதலாக வெளிவந்தது. யோசித்துப் பாருங்கள்: இந்த வட்டாரத்தில் பிளஸ் டூ முடித்த ஒரு பிள்ளையின் கையிலேயே இரண்டு இயங்குதளங்கள்! பெரும்பாலோர் விண்டோஸிலேயே இருந்துவிட்டார்கள், அது எனக்குத் தெரியும். இருந்தாலும் மறுபக்கத்தை எட்டிப் பார்த்தவர்களும் உண்டு. அவர்கள் சந்தித்த முதல் பள்ளம் எது?

விண்டோஸ் பக்கம் நோட்பேடில் ஸ்கிரிப்டை எழுதுவார்கள். பென் டிரைவில் போட்டு லினக்ஸ் பக்கம் கொண்டுபோய் ஓட்டுவார்கள். "அப்படி ஒரு கோப்பு இல்லை" என்று பதில் வரும். கோப்பு கண்ணெதிரே இருக்கிறது! பெயர் சரி, இடம் சரி, அனுமதி சரி. பிறகு என்ன இல்லை? விண்டோஸ், ஒவ்வொரு வரி முடிவிலும் இரண்டு குறிகளை வைக்கும். லினக்ஸ் ஒன்றைத்தான் வைக்கும். அந்தக் கூடுதல் குறி கண்ணுக்குத் தெரியாது. ஸ்கிரிப்டின் முதல் வரி, "என்னை பேஷ் என்ற நிரலிடம் கொடு" என்று சொல்கிறது. அந்த வரியின் வாலில் ஒட்டிக்கொண்டிருக்கும் குறியையும் சேர்த்துப் பெயராக எடுத்துக்கொண்டு, இயங்குதளம் தேடிப் பார்க்கிறது. அப்படிப் பெயருள்ள பேஷ் எங்கும் இல்லை. அதைத்தான் இல்லை என்று சொன்னது. மேகத்திலிருக்கும் சர்வரிலும் இன்றுவரை இதே பிழைதான். 'டாஸ்டுயூனிக்ஸ்' என்ற சின்னக் கருவி ஒரு நொடியில் சரிசெய்துவிடும். நோய் இன்னதென்று கண்டுபிடிக்கும்வரைதான் பாடு.

இது சின்னப் பள்ளம். பெரிய பள்ளத்துக்கு வருவோம்.

2010 ஜூலையில் ரேக்ஸ்பேஸ் நிறுவனமும் அமெரிக்க விண்வெளி அமைப்பான நாசாவும் சேர்ந்து ஓப்பன்ஸ்டாக் என்ற திட்டத்தை அறிவித்தன. சொந்தமாக ஒரு மேகத்தையே கட்டிக்கொள்ள உதவும் திறந்த மூல மென்பொருள் அது. ஒன்றல்ல, பல மென்பொருள்களின் கூட்டம். கணினிகளைப் பிறப்பிக்க ஒன்று, வட்டுப் படிமங்களைக் காக்க ஒன்று, யார் உள்ளே வரலாம் என்று பார்க்க ஒன்று. இத்தனையையும் கையால் நிறுவினால் விடிந்துவிடும். அதற்காக 2011-இல் டெவ்ஸ்டாக் என்ற ஸ்கிரிப்ட் பிறந்தது. பேஷ் மொழியில் எழுதிய, எவரும் திறந்து படிக்கக்கூடிய ஸ்கிரிப்ட். முதலில் உபுண்டுவுக்கு என்றே எழுதினார்கள். பிறகு ரெட் ஹேட் குடும்பத்துப் பெடோராக்காரர்கள் வந்தார்கள், சூசேக்காரர்கள் வந்தார்கள். "எங்கள் வீட்டிலும் இது ஓட வேண்டும்" என்றார்கள். அப்போது அதை எழுதியவர்கள் என்ன செய்தார்கள்? அதில்தான் பாடம் இருக்கிறது.

ஸ்கிரிப்ட் முழுக்க ஆயிரம் இடங்களில் "உபுண்டு என்றால் இப்படி, பெடோரா என்றால் அப்படி" என்று தெளித்து வைத்திருக்கலாம். அவசரத்தில் எல்லோரும் செய்வது அதுதான். நிறுவும் வேலையில் அவர்கள் அப்படிச் செய்யவில்லை. 'பேக்கேஜை நிறுவு', அதாவது மென்பொருள் மூட்டையை நிறுவு, என்று ஒரே ஒரு செயற்கூறை (ஃபங்ஷனை) எழுதினார்கள். மற்ற இடங்களிலெல்லாம் அதை மட்டுமே அழைத்தார்கள். ஆப்டா, யம்மா, ஜிப்பரா என்ற கேள்வி அந்த ஒரு செயற்கூறுக்குள் அடங்கிவிட்டது. பேக்கேஜ்களின் பெயர்ப் பட்டியலையோ ஸ்கிரிப்டுக்கு வெளியே எடுத்துவிட்டார்கள். டெபியன் வகைக்கு ஓர் அடைவு, ரெட் ஹேட் வகைக்கு ஓர் அடைவு, சூசேவுக்கு ஓர் அடைவு. உள்ளே வெறும் எழுத்துக் கோப்புகள். ஒரு பேக்கேஜ் குறிப்பிட்ட வெளியீட்டுக்கு மட்டும்தான் என்றால், அதன் பெயருக்குப் பக்கத்திலேயே அந்தக் குறிப்பும் இருக்கும். நிரல் தெரியாதவர்கூட அந்தப் பட்டியலைத் திருத்தலாம். எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான்.

இதைவிடச் சுவையான ஒன்று அந்த ஸ்கிரிப்டுக்குள் இருக்கிறது. தம்பி தங்கைகள் கவனியுங்கள். "இது உபுண்டுவா?" என்று கேட்கும் செயற்கூறு ஒன்று, "இது பெடோராவா?" என்று கேட்கும் செயற்கூறு ஒன்று. இரண்டும் பார்வைக்கு இரட்டைப் பிள்ளைகள். உள்ளே திறந்து பார்த்தால் இரண்டின் குணமே வேறு. முதலாவது, பெயரில்தான் உபுண்டு. உண்மையில் அது கேட்பது, "நீ டெபியனின் டெப் வகைப் பேக்கேஜைப் பயன்படுத்துகிறாயா?" என்பதை. ஆகவே டெபியனும் ஆம் என்று சொல்லும். இரண்டாவதோ பெயர்களை வரிசையாகக் கேட்கிறது. நீ பெடோராவா? நீ ரெட் ஹேட்டா? நீ சென்ட்ஓஎஸ்ஸா? நீ ஆரக்கிளா? ரெட் ஹேட்டே தன் பெயரை ஒரு பதிப்பில் ஒரு மாதிரியும் இன்னொரு பதிப்பில் வேறு மாதிரியும் சொல்லும். அத்தனையும் அந்த வரிசையில் வேண்டும். புதிதாக ஒரு சகோதரன் பிறக்கும்போதெல்லாம் அந்த வரிசையும் நீண்டுகொண்டே போனது.

இரண்டில் எது நல்ல கேள்வி? பெயரைக் கேட்பதா? இயல்பைக் கேட்பதா?

வரலாறு ஒரு நாள் இந்தக் கேள்விக்குப் பதில் சொன்னது. 2020 டிசம்பர் 8. ரெட் ஹேட் குடும்பத்துச் சென்ட்ஓஎஸ் 8-இன் ஆயுள் 2029 வரை என்று உலகமே நம்பிக்கொண்டிருந்தது. அது 2021 கடைசியோடு முடியும் என்று அன்று அறிவித்தார்கள். அடுத்த ஆண்டே ஆல்மா லினக்ஸ், ராக்கி லினக்ஸ் என்று இரண்டு புதிய பெயர்கள் வந்தன. உள்ளே இருப்பது ஏறத்தாழ அதே சரக்கு. ஆனால் உலகெங்கும் எத்தனை ஸ்கிரிப்டுகளில் 'சென்ட்ஓஎஸ்' என்ற ஒற்றைச் சொல் எழுதி வைக்கப்பட்டிருந்தது! புதிய பெயரைக் கேட்டதும் அவை கதவைச் சாத்தின. இயல்பைக் கேட்ட ஸ்கிரிப்டுகளோ எதுவும் நடக்காதது போல ஓடின.

நல்ல வேளையாக, இதற்கு ஓர் ஏற்பாடு ஏற்கெனவே இருந்தது. 2012-இல், லினக்ஸில் சர்வீஸ்களைத் தொடங்கி நிர்வகிக்கும் சிஸ்டம்டி திட்டத்தினர் ஒரு கோப்பைப் பொதுவாக்கினார்கள். 'ஓஎஸ்-ரிலீஸ்' என்பது அதன் பெயர். ஒவ்வொரு டிஸ்ட்ரோவும், அதாவது ஒவ்வொரு லினக்ஸ் வகையும், தன் பெயர், பதிப்பு எண் இவற்றோடு "நான் யாரைப் போன்றவன்" என்றும் அதில் எழுதி வைக்கும். ராக்கி தன்னைப் பற்றி, "நான் ரெட் ஹேட்டைப் போல, சென்ட்ஓஎஸ்ஸைப் போல, பெடோராவைப் போல" என்று எழுதியிருக்கும். பெயர் தெரியாவிட்டால் குலத்தைக் கேள் என்று வைத்துக்கொள்ளுங்கள். மற்ற இடங்களில் குலம் கேட்பதற்கு நான் எதிரி. இந்த ஒரு கோப்பில் மட்டும் விதிவிலக்கு.

பதிப்பு எண் என்றதும் ஒரு கூத்து நினைவுக்கு வருகிறது. பெரிய எண் என்றால் புதியது என்று நாம் நினைப்போம், இல்லையா? அமேசான் தன் மேகத்துக்கென்று வைத்திருக்கும் லினக்ஸைப் பாருங்கள். பழைய தலைமுறையின் கடைசிப் பதிப்பு 2018.03. அதற்கு அடுத்த தலைமுறை 2. அதற்கும் அடுத்தது 2023. "எண் 7-ஐவிடப் பெரிதென்றால் புதிய முறையில் செய்" என்று எழுதிய ஸ்கிரிப்ட் இங்கே என்ன செய்யும்? பழையதைப் புதியதென்றும், புதியதைப் பழையதென்றும் எடுத்துக்கொண்டு வேலையைக் கெடுக்கும். இன்னொன்றும் உண்டு. எண்களை எழுத்துகளாக ஒப்பிட்டால் 10-ஐவிட 9 பெரிது என்று வரும், ஏனென்றால் முதல் எழுத்தைத்தான் பார்க்கும். ரெட் ஹேட் 10 வந்த நாளில் இது எத்தனை பேருடைய தூக்கத்தைக் கெடுத்ததோ!

அப்படியானால் இயல்பை மட்டும் கேட்டுவிட்டால் எல்லாம் தீர்ந்ததா? அப்படிச் சொல்லிவிட்டுப் போக எனக்கும் ஆசைதான். 1991-இல் டேவிட் மெக்கென்சி என்பவர் ஆட்டோகான்ஃப் என்ற கருவியை எழுதத் தொடங்கினார். அன்று யூனிக்ஸ் வகைகள் ஏராளம். அந்தக் கருவியின் வழி என்ன? "நீ எந்த யூனிக்ஸ்?" என்று கேட்காது. ஒரு குட்டி நிரலை எழுதி அந்தக் கணினியிலேயே தொகுத்துப் பார்க்கும். தொகுத்தால் அந்த வசதி இருக்கிறது, தொகுக்காவிட்டால் இல்லை. அருமையான வழி. ஆனால் அதை நம் வேலைக்குக் கொண்டுவந்து, "ஆப்ட் என்ற கட்டளை இருக்கிறதா? இருந்தால் இது டெபியன்" என்று முடிவுகட்டினால் ஏமாந்துபோவோம். பிசிலினக்ஸ்ஓஎஸ் என்று ஒரு டிஸ்ட்ரோ. அதில் ஆப்ட் இருக்கிறது. ஆனால் உள்ளே இருப்பவை ரெட் ஹேட் பாணி ஆர்பிஎம் பேக்கேஜ்கள். கட்டளை ஒரு வீட்டுக்காரர், சரக்கு இன்னொரு வீட்டுக்காரர்! ஆகவே எந்த இயல்பு உங்களுக்குத் தேவையோ அதையே நேராகக் கேளுங்கள். அதன் பக்கத்தில் நிற்கும் வேறொன்றைக் கேட்டு ஊகிக்காதீர்கள்.

இப்போது வருகிறேன் மிக ஆழமான பள்ளத்துக்கு. பெயரும் எண்ணும் கண்ணுக்குத் தெரிபவை. வழக்கம் கண்ணுக்குத் தெரியாது. இரண்டு லினக்ஸ் குடும்பங்களின் வழக்கம் எப்படிப்பட்டது?

டெபியன் குடும்பத்தில், பின்னணியில் ஓடும் ஒரு சர்வீஸை நிறுவினால் நிறுவிய கையோடு அதை ஓடவிட்டுவிடும். "நிறுவியது ஓட்டுவதற்குத்தானே?" என்பது அவர்கள் நியாயம். ரெட் ஹேட் குடும்பத்தில் நிறுவினால் நிறுவியதோடு சரி. ஓடு என்று நீங்கள் சொல்ல வேண்டும். கணினி மறுபடி எழும்போதும் ஓடு என்று தனியாக இன்னொரு முறை சொல்ல வேண்டும். "உரிமையாளர் சொல்லாமல் கதவைத் திறக்கலாமா?" என்பது இவர்கள் நியாயம். இரண்டு நியாயமும் நியாயம்தான். இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொள்வது நம் ஸ்கிரிப்ட்.

உபுண்டுவில் பழகிய ஒரு தங்கை ஸ்கிரிப்ட் எழுதுகிறாள். முதல் வரியில் தரவுத்தளத்தை நிறுவுகிறாள். அடுத்த வரியில் அதற்குள் அட்டவணைகளை உருவாக்குகிறாள். அவள் கணினியில் ஓடுகிறது. ராக்கியில் இரண்டாவது வரியிலேயே "இணைக்க முடியவில்லை" என்று விழுகிறது. தரவுத்தளம் இன்னும் எழவே இல்லையே! போகட்டும், விழுந்தது கண்ணுக்குத் தெரிந்தது, திருத்திக்கொள்வாள்.

இப்போது மறுபக்கம். ராக்கியில் பழகிய ஒரு தம்பி எழுதுகிறான். நிறுவு. அமைப்புக் கோப்பை மாற்று. பிறகு தொடங்கு. மூன்றே படிகள், ஒழுங்கான வரிசை. அதை உபுண்டுவில் ஓட்டினால் என்ன ஆகும்? நிறுவியதுமே சர்வீஸ் பழைய அமைப்போடு ஓடத் தொடங்கிவிட்டது. அமைப்புக் கோப்பு மாறியது அதற்குத் தெரியாது. "தொடங்கு" என்ற கட்டளை வருகிறது. ஏற்கெனவே ஓடிக்கொண்டிருப்பதால் அது ஒன்றும் செய்யாது, பிழையும் சொல்லாது. ஸ்கிரிப்ட் "வெற்றி" என்று முடிகிறது. தம்பி வீட்டுக்குப் போய்விடுகிறான். சர்வரோ அவன் எழுதிய அமைப்பைப் பார்க்காமலே ஓடிக்கொண்டிருக்கிறது. கூச்சல் போட்டு விழும் ஸ்கிரிப்டைவிட, சிரித்துக்கொண்டே தவறு செய்யும் ஸ்கிரிப்ட் ஆயிரம் மடங்கு ஆபத்து. அமைப்பை மாற்றிய பிறகு "தொடங்கு" என்று எழுதாதீர்கள், "மறுபடி தொடங்கு" என்று எழுதுங்கள். இரண்டு வீட்டிலும் அது சரியாக இருக்கும்.

டெபியன் குடும்பத்துக்கு இன்னொரு பழக்கம்: கேள்வி கேட்கும். சில பேக்கேஜ்களை நிறுவும்போது, "கடவுச்சொல் என்ன வைக்கட்டும்? இந்தக் கோப்பை மாற்றட்டுமா?" என்று நீல நிறப் பெட்டி ஒன்று திரையில் வந்து நிற்கும். ஆள் முன்னால் உட்கார்ந்திருந்தால் நல்ல பழக்கம். நள்ளிரவில் தானாக ஓடும் ஸ்கிரிப்டிடம் கேட்டால்? பதில் சொல்ல யார் இருக்கிறார்கள்? விடியவிடிய அந்தக் கேள்வியோடு நிற்கும். பதில்களை முன்கூட்டியே எழுதி வைக்கவும், "கேட்காதே" என்று சொல்லிவிடவும் வழி இருக்கிறது. டெவ்ஸ்டாக்கும் மைசீக்வல் தரவுத்தளத்தின் கடவுச்சொல்லை அப்படித்தான் முன்பே ஊட்டிவைத்தது. ஆர்பிஎம் பேக்கேஜ்கள் இப்படிக் கேட்பதில்லை. அந்த வீட்டில் வளர்ந்தவர்களுக்கு இப்படி ஒரு பெட்டி வரும் என்றே தோன்றாது.

மேகத்தில் புதிதாகப் பிறந்த உபுண்டு கணினி, பிறந்த சில நிமிடங்களுக்குள் தானாகவே பாதுகாப்புப் புதுப்பிப்புகளை இறக்கத் தொடங்கக்கூடும். அந்த நேரத்தில் பேக்கேஜ் கிடங்கைப் பூட்டி வைத்துக்கொள்ளும். உங்கள் ஸ்கிரிப்ட் போய்த் தட்டினால் "பூட்டியிருக்கிறது" என்று வரும். பத்து நிமிடம் கழித்து ஓட்டினால் ஓடும். காரணம் தெரியாதவர்கள் இதைப் பேய் பிடித்த சர்வர் என்பார்கள். பூட்டு விடும்வரை காத்திரு என்று ஒரு வரி சேர்த்தால் பேய் போய்விடும்.

ரெட் ஹேட் குடும்பத்துக்கும் ஒரு தனிக் குணம் உண்டு. எஸ்இலினக்ஸ் என்ற காவல் ஏற்பாடு. அமெரிக்காவின் தேசியப் பாதுகாப்பு முகமை 2000-இல் வெளியிட்டது. எந்த நிரல் எதைத் தொடலாம் என்று அதற்குத் தனிச் சட்டம் இருக்கிறது. அப்பாச்சி உள்ளே இருந்துகொண்டு வேறொரு சர்வரோடு பேச வேண்டுமென்றால் அனுமதி தர வேண்டும், தராவிட்டால் பேசாது. கோப்பு அனுமதி சரியாக இருக்கும், அமைப்பு சரியாக இருக்கும், வேலை மட்டும் நடக்காது. இணையத்தில் தேடினால் பத்துக்கு எட்டுப் பேர், "அதை அணைத்துவிடு" என்பார்கள். நான் அதை ஒப்புக்கொள்ள மாட்டேன். அப்பாச்சிக்கு வெளித்தொடர்பு வேண்டுமென்றால் அந்த ஒரு சுவிட்சை மட்டும் திறக்கலாம். ஒரே வரிக் கட்டளை அது. வாடகைக் கணினி, பொது இணையத்தில் நிற்கிறது, காவல்காரரை வீட்டுக்கு அனுப்பிவிட்டு ஸ்கிரிப்ட் ஓடிவிட்டதென்று மகிழ்வதா?

இந்த இடத்தில் ஒரு கேள்வி வரும் என்று எனக்குத் தெரியும். "ஐயா, 2013-இலேயே டாக்கர் வந்துவிட்டதே! கன்டெய்னருக்குள் எல்லாவற்றையும் வைத்து மூடிவிட்டால் எந்த இயங்குதளமாக இருந்தால் என்ன?" நல்ல கேள்வி. பாதிக்கு மேல் உண்மையும்கூட. ஆனால் அந்த டாக்கரை முதலில் நிறுவுவது யார்? டாக்கர் நிறுவனமே அதற்கொரு வசதி ஸ்கிரிப்ட் தருகிறது. திறந்து படியுங்கள். உபுண்டுவா, டெபியனா, சென்ட்ஓஎஸ்ஸா என்று அதே விசாரணை அங்கேயும் நடக்கிறது. கன்டெய்னருக்கு உள்ளேயும் ஓர் இயங்குதளத்தின் கோப்புகள்தானே இருக்கின்றன? அளவு சிறியது என்று பலரும் எடுக்கும் ஆல்பைனில் பேஷ் கிடையாது, வழக்கமான ஜிலிப்சி நூலகம் கிடையாது, பேக்கேஜ் கருவியின் பெயர் 'ஏபிகே'. உபுண்டுவிலேயேகூட 2006-இன் 6.10 வெளியீட்டிலிருந்து 'எஸ்எச்' என்று அழைத்தால் பேஷ் வராது, அதன் தம்பி 'டாஷ்' வரும்; பேஷுக்கே உரிய சொகுசுகள் டாஷுக்குத் தெரியாது. பேஷ் வேண்டுமென்றால் முதல் வரியிலேயே பேஷ் என்று வெளிப்படையாக எழுதிவிடுவது மேல். வேறுபாடு இடம் மாறியிருக்கிறது, தொலைந்துபோகவில்லை.

பல கணினிகளை ஒரே இடத்திலிருந்து அமைத்துத் தரும் ஆன்சிபிள் போன்ற கருவிகளும் இப்போது பரவியிருக்கின்றன. ஒவ்வொரு கணினியையும் விசாரித்து, "இது டெபியன் குடும்பம், இது ரெட் ஹேட் குடும்பம்" என்று அவையே சொல்லிவிடுகின்றன. குடும்பத்துக்கு ஒரு கோப்பு வைத்துப் பெயர்களை அதில் எழுதிக்கொள்ளலாம். டெவ்ஸ்டாக் அடைவுகளில் செய்த அதே வேலை. கருவி வந்துவிட்டதால் வழக்கங்களைப் பற்றிய அறிவு வேண்டாமென்று நினைக்காதீர்கள். "தொடங்கு" என்று எழுதுவதா, "மறுபடி தொடங்கு" என்று எழுதுவதா என்பதை எந்தக் கருவியும் உங்களுக்காக முடிவுசெய்யாது.

இனி, எனக்கு மிக முக்கியமாகப் படும் ஒன்று. தெரியாத இயங்குதளம் எதிரே வந்தால் ஸ்கிரிப்ட் என்ன செய்ய வேண்டும்? பலர் எழுதும் ஸ்கிரிப்ட் எப்படி இருக்கும்? "ரெட் ஹேட் என்றால் இப்படிச் செய், இல்லாவிட்டால் அப்படிச் செய்." அந்த 'இல்லாவிட்டால்' என்ற சொல்லுக்குள் உலகத்திலுள்ள மற்ற எல்லா இயங்குதளங்களும் உபுண்டுவாகிவிடுகின்றன! பாதிவரை ஓடும், எங்கோ ஓரிடத்தில் முறியும். பாதி நிறுவிய சர்வரைச் சுத்தம் செய்வது, புதிதாக நிறுவுவதைவிடக் கடினம்.

டெவ்ஸ்டாக் எப்படிச் செய்தது? தொடக்கத்திலேயே வெளியீட்டின் பெயரைப் பார்க்கும். தான் சோதித்த பட்டியலில் இருந்தால் உள்ளே விடும். இல்லாவிட்டால், "இந்த வெளியீட்டில் இது சோதிக்கப்படவில்லை" என்று சொல்லிவிட்டு ஓர் எழுத்தையும் மாற்றாமல் நின்றுவிடும். அப்படியும் ஓட்டத்தான் வேண்டுமா? 'ஃபோர்ஸ்' என்ற மாறிக்கு 'யெஸ்' என்று மதிப்புக் கொடுத்து, உங்கள் பொறுப்பில் ஓட்டிக்கொள்ளலாம். எவ்வளவு நாகரிகமான ஏற்பாடு! நம் பாஸ் லினக்ஸை இந்த இடத்தில் வைத்துப் பாருங்கள். பேக்கேஜ் வகையை மட்டும் நேராகக் கேட்டால் அது தேறும். வாசலில் வெளியீட்டுப் பெயரைக் கேட்கும்போது நிறுத்தப்படும். இரண்டும் சரிதான். உள்ளே வேலை செய்யும்போது இயல்பைக் கேள், வாசலில், "இதை நான் சோதித்திருக்கிறேனா?" என்பதற்காக மட்டும் பெயரைக் கேள். இரண்டு கேள்விக்கும் இரண்டு இடம்.

அந்தச் சோதித்த பட்டியலும் நிரந்தரம் அல்ல. டெவ்ஸ்டாக்கில் சூசேவுக்காக அவ்வளவு உழைத்துச் சேர்த்தவை பின்னாளில் ஆதரவுப் பட்டியலிலிருந்து போய்விட்டன. ராக்கி வந்தது, சீனாவின் ஓப்பன்யூலர் வந்தது. பார்த்துக்கொள்ள ஆள் இருக்கும்வரைதான் ஓர் இயங்குதளத்துக்கு ஆதரவு இருக்கிறதென்று சொல்ல முடியும். ஆகவே உங்கள் ஸ்கிரிப்டின் தலைப்பில் ஏழெட்டு டிஸ்ட்ரோக்களின் பெயரைப் பெருமைக்காக எழுத வேண்டாம். நிஜமாகச் சோதிக்கும் இரண்டை எழுதுங்கள்.

அந்த இரண்டையும் எங்கே சோதிப்பது? மேகத்தில் வாடகை கொடுக்க எல்லோராலும் முடியாது. உங்கள் மடிக்கணினியே போதும். அதில் உபுண்டு ஒன்று, ராக்கி ஒன்று என்று இரண்டு மெய்நிகர் கணினிகளை எழுப்புங்கள். வேகமாக வேலை முடியட்டுமென்று கன்டெய்னரில் சோதிப்பவர்களும் உண்டு. பேக்கேஜ் பெயர்களைச் சரிபார்க்க அது போதும். ஆனால் சாதாரண கன்டெய்னருக்குள் சிஸ்டம்டி ஓடுவதில்லை. நான் இவ்வளவு நேரம் சொன்ன தொடங்கும் பழக்கம், தொடங்காப் பழக்கம் இரண்டும் அங்கே தெரியாமலே போய்விடும். ஒருமுறை ஓட்டிப் பாருங்கள், அப்படியே இரண்டாவது முறையும் ஓட்டிப் பாருங்கள். இரண்டாவது முறை "ஏற்கெனவே இருக்கிறது" என்று விழுந்தால் அந்த ஸ்கிரிப்ட் இன்னும் தயாராகவில்லை. நடுவில் மின்சாரம் போனால் மறுபடி அதைத்தானே ஓட்டப்போகிறோம்?

தமிழில் படிக்க என்ன இருக்கிறது என்று பேச்சுக்கு முன்பு ஒரு தங்கை கேட்டார். 2012 ஜனவரியில் தொடங்கிய கணியம் இதழில் லினக்ஸ் பற்றி நிறையக் கட்டுரைகள் இருக்கின்றன, மின்னூல்களும் இலவசமாகக் கிடைக்கின்றன. அங்கே தொடங்குங்கள். அதோடு டெவ்ஸ்டாக்கில் பொதுச் செயற்கூறுகளை வைத்திருக்கும் கோப்பையும் இறக்கிப் படியுங்கள். பெரும்பகுதி எளிய பேஷ்தான்.

அமைப்பாளர்கள் கடிகாரத்தைக் காட்டுகிறார்கள். மடிக்கணினி கொண்டுவந்தவர்கள் மட்டும் இருங்கள்; பின்வரிசை மேசையில் இரண்டு மெய்நிகர் கணினிகள் ஓடிக்கொண்டிருக்கின்றன, உங்கள் ஸ்கிரிப்டை இரண்டிலும் ஓட்டிப் பார்த்துவிடலாம்.